உப்புச் சாக்கில் வைத்த விதை

இதை எழுத ஆறு வருடமாக எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு வருடமும் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் நோட்டை எடுத்து வைப்பேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே ஒன்றும் ஓடாது. கடைக்கு ஆள் வந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், ஆள் வராத நாளிலும் எழுந்து போயிருக்கிறேன்.

இப்போது எழுத வைத்தது நீங்கள்தான், பிள்ளைகளே. கடற்கரை ஊர்களில் விதைக் கிடங்கு பார்க்கப் புதிதாக வந்திருக்கும் நீங்களெல்லாம் சேர்ந்து போன மாதம் தருவைகுளத்தில் எனக்கு விடைகொடுத்தீர்கள். பொன்னாடை போட்டீர்கள். உங்களில் ஒரு பெண் மைக்கைப் பிடித்து, "உப்புச் சாக்கு அண்ணாச்சி கதை" என்று ஒன்றைச் சொன்னாள். "விதை கெட்டது தெரிந்த மறுநாளே ஊரைக் கூட்டி, தப்பு என்னுடையது என்று சொன்னவர் இவர்" என்றாள். எல்லோரும் கை தட்டினீர்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நடுவே, ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும் கை தட்டினாள். அவளைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பொன்னாடை தோளில் நிற்கவில்லை.

அந்தக் கதை முழுவதும் பொய்யில்லை. ஆனால் அந்த "மறுநாளே" பொய். அதைச் சொன்னவன் நான்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன். பலசரக்குக் கடை வைத்திருந்தேன். செந்திலாண்டவன் கிருபையில் குடும்பத்துக்குக் குறைவில்லை. வேம்பாருக்கு மேற்கே எங்கள் ஊர். ஆற்றுப் பாசனம் கிடையாது, வானத்தைப் பார்த்துத்தான் விதைப்பு. கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு. முன்பெல்லாம் புரட்டாசியில் ஒரு மழை, அதற்குப் பின்னால் இன்னொன்று என்று முறை வைத்து வரும். இப்போது அந்த முறை போய்விட்டது. வந்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. இல்லையென்றால் முளை வந்த பிறகு ஒரு மாதம் முகம் காட்டுவதில்லை. அப்படி ஒரு வருடம் ஊர் முழுக்க முளைத்த பயிர் கருகிப்போனது. பிறகு மழை வந்தது. மறுபடி விதைக்க எந்த வீட்டிலும் விதை இல்லை. நல்ல மழையைத் தரிசு நிலத்தில் பெய்யவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பிறகுதான் ஊர் கூடி விதைக் கிடங்கு வைத்தது. அறுவடையானதும் ஒவ்வொரு வீடும் அடுத்த வருட விதையைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். புரட்டாசி மழைக்கு முன்னால் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுப்போம். இரண்டாம் விதைப்புக்கு ஒரு பங்கை நிறுத்தி வைப்போம். என் கடையின் பின்கட்டுதான் கிடங்கு. என்னை ஏன் பொறுப்புக்குப் போட்டார்கள் என்றால், தானியம் வைக்கத் தெரிந்தவன் என்பது ஒரு காரணம். "சாமி கும்பிடுத மனுசன், பொய் சொல்ல மாட்டாவ" என்பது இன்னொரு காரணம்.

முதலில் மண்பானையிலும் குதிரிலும்தான் வைத்தோம். மூன்றாம் வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது, பானை போதவில்லை. உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த என் சிநேகிதர் வண்டி நிறையக் காலிச் சாக்கு கொடுத்தார். சும்மா கிடைத்த சாக்கு. நானே நின்று ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் மூன்று தடவை அலசிப் போட்டேன். அந்தக் கிணற்றில் கடல் ஏறி எத்தனையோ நாளாகிவிட்டது. சோப்புப் போட்டால் நுரை வராது. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். இந்தக் கரையில் எந்தக் கடைக்காரனும் உப்பு மூட்டையைக் கடைக்குள் வைக்க மாட்டான். கடல் காற்று அடித்தால் அது வியர்க்கும். பக்கத்தில் கருப்பட்டி இருந்தால் கசிந்து ஓடும். வாசலில்தான் போட்டிருப்போம். முப்பது வருடம் அப்படிச் செய்தவன், விதைக்கு மட்டும் அதை மறந்தேன். சும்மா கிடைத்தது என்ற சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

இனி அந்தத் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், போடவில்லை. அப்போது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர், வாரம் ஒருமுறை வருவார். எங்கள் அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்ப்பது அவள்தான். காப்புக் கட்டிய நாளில் பானைகளில் மண்ணும் எருவும் இட்டு விதை போட்டு, இருட்டு அறையில் வைத்து, விரதமிருந்து தண்ணீர் தெளிப்பாள். ஒன்பதாம் நாள் பானைகள் தலையேறி வரும்போது சாண் உயரத்துக்கு நின்று ஆடும். அது செழித்தால் ஊர் செழிக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு, இன்றைக்கும் உண்டு.

அந்த வருடம் ஆவணிக் கொடைக்கு நான் ஒரு பெருமை செய்தேன். "இந்தத் தடவ முளைப்பாரிக்கு வெதை நம்ம கிடங்குல இருந்துதான். அம்மன் பாக்கட்டும்" என்று சொல்லி, வழக்கமாக அவரவர் வீட்டிலிருந்து வருகிற விதையை நிறுத்திவிட்டுக் கிடங்கு விதையைக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கடையில் வேறு இரண்டு பெண்கள் மளிகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தி, "அண்ணாச்சி, முளை சரியா வரல. அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணுன்னு நிக்கி. இன்னுங் கொஞ்சம் வெதை தாங்க" என்றாள்.

பின்கட்டுக்குப் போனேன். ஒரு சாக்கைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டேன். நல்ல விதை என்றால் உள்ளே கலகலவென்று ஓடும். இது ஓடவில்லை. சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது கம்பு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. நக்கிப் பார்த்தேன். கரித்தது. அடுத்த சாக்கு, அதற்கு அடுத்த சாக்கு, எல்லாம் அதேதான்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, பிள்ளைகளே. ஊர் முழுக்க நம்பிக் கொடுத்த விதையை நான் கொன்றுவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. அந்தச் செத்த விதையிலேயே இரண்டு கை அள்ளி, வெளியே கொண்டுவந்து அவள் துணியில் போட்டேன். போட்டுவிட்டு ஒரு வார்த்தை சொன்னேன்.

"சாமி காரியம் தங்கச்சி. மனசு சுத்தமா வச்சுத் தண்ணி ஊத்து. வரும்."

அந்த இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவ்வளவுதான். அதற்குமேல் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் பானைகள் வெளியே வந்தபோது சொட்டைத் தலை மாதிரி இருந்தன. "கடைக்கார அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாவள்லா, மனசு சுத்தமா இருக்கணும்னு" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். இன்னொருத்தி, "துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தாளே, தெரியாதா?" என்றாள். கீழவைப்பாரில் மீன் விற்கிற, மாதா கோயிலுக்குப் போகிற ஒரு வேதக்காரப் பெண் அவளுக்கு இருபது வருடச் சிநேகிதம். இவள் கம்பு கொடுப்பாள், அவள் கருவாடு கொடுப்பாள். அந்தப் பெண்ணின் தாயார் இறந்த துட்டிக்கு இவள் போயிருந்தாள். காப்புக் கட்டுவதற்கு நாலு நாள் முன்னால் போனது. தலை முழுகித்தான் ஊருக்குள் வந்தாள். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? கோயில் தலைவர், "இனிமே அவ முளைப்பாரி தொட வேண்டாம். இப்ப அவ பானைய வேற யாராவது எடுங்க" என்றார். அவள் பானையை அவளுடைய நாத்தனார் தூக்கினாள். கடலில் கரைக்கப் போன ஊர்வலத்தில் அவள் கடைசியில், பத்தடி தள்ளி வந்தாள்.

நான் முன்னால் போனேன். நெற்றி நிறையத் திருநீறு. தேங்காய் உடைக்கிற பொறுப்பு எனக்கு.

கொடை முடிந்து பதினோராம் நாள். மழை வரப்போகிறது என்று போனில் எல்லோருக்கும் தகவல் வந்துவிட்டது. மறுநாள் காலையில் விதை கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். வாய் உடைந்த பானை ஒன்றை முந்தானையால் மூடிக் கொண்டுவந்து, தராசுக்குப் பக்கத்தில் வைத்து, திறந்தாள்.

பானையில் ஒரு பாதி அடர்ந்து சாண் உயரத்துக்கு நின்றது. மறுபாதி மொட்டை மண்.

"இந்தப் பக்கம் எங்க வீட்டு அடுக்குப்பானை வெதை. அந்தப் பக்கம் நீங்க ரெண்டாவது குடுத்தியல்லா, அதுல மிச்சம். கொடை முடிஞ்ச மறுநாள் போட்டேன். அதே இருட்டு, அதே தண்ணி, அதே நாந்தான்" என்றாள்.

"ஊருல யாருக்கும் காட்டுனியா?" என்று கேட்டேன்.

"நான் காட்டுனா, பழியத் தூக்கி அடுத்தவன் தலையில போடுதான்னு சொல்லுவாவ. நீங்க சொல்லுங்க. நாளைக்கு இத வாங்கி வெதச்சிட்டு ஊரே வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். எல்லாத்துக்கும் பிள்ளையள் இருக்குல்லா."

"பாப்போம்" என்றேன்.

அவள் பானையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வந்து பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாப்போம்னியளே, எதப் பாக்கப் போறிய? வெதச்ச பொறவா?" என்றாள்.

காலையில் மேகம் கடல் பக்கம் கறுத்து நின்றது. வாசலில் வேப்பமரம் வரைக்கும் வரிசை. ஆளுக்கொரு பெட்டி, பை. வரிசைக் கடைசியில் அந்தத் தங்கச்சி. அவளுக்கும் முன்னால் நின்றவளுக்கும் நடுவில் இரண்டு ஆள் நிற்கிற இடைவெளி. பூட்டைத் திறந்தேன், சாமி படத்துக்குச் சூடம் காட்டினேன், படியைக் கையில் எடுத்தேன். முதலில் நின்ற பெரியவர், எதற்கும் கேலி பேசுகிறவர், பெட்டியை நீட்டினார். என் கை சாக்குக்குள் போக மாட்டேன் என்றது.

"என்னவே, படியப் பிடிச்சிக்கிட்டுச் சிலையா நிக்கீரு? காலங்காத்தால சாமி கீமி வந்துட்டா?" என்றார் அவர்.

"வெதை செத்துப் போச்சு" என்றேன். "உப்புச் சாக்குல வச்சது என் தப்பு. முளைப்பாரி வராததும் அதனாலதான். அந்தத் தங்கச்சி மேல ஒரு குத்தமும் இல்ல." பானையை எடுத்து எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினேன்.

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். "இந்த வருசம் எம் பிள்ளையளுக்கு எதப் போட்டுக் காய்ச்சுவேன்?" என்று ஒரு பெண் பையைத் தரையில் அடித்தாள். அந்தப் பெரியவர், "உப்புச் சாக்குல போட்டா முளைக்காதுவே, ஊறுகாயாத்தான் ஆவும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கோயில் தலைவர் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இது உமக்கு எப்பத் தெரியும்?"

அதுதான் எனக்கு வைத்த பரீட்சை. விதை செத்ததைச் சொல்வது கூடப் பெரிதில்லை. அது எப்படியும் பத்து நாளில் வயலில் தெரிந்துவிடும். இந்தக் கேள்விக்குப் பதில், மூன்றாம் நாளே பின்கட்டில் சாக்கைப் பிரித்துப் பார்த்த எனக்கும், அன்றைக்கு வந்து விதை கேட்ட அவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

"நேத்துதான் கையை விட்டுப் பாத்தேன்" என்றேன்.

வரிசைக் கடைசியிலிருந்து அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் இளகிவிட்டது. "நேத்துப் பாத்தாவ, இன்னைக்குச் சொல்லிட்டாவ. வேற யாரு சொல்லுவா?" என்றார் ஒருவர். இன்னொருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் எனக்குச் சுடுகிறது.

"இப்ப அதப் பேசி என்ன செய்ய? மழை வருதுல்லா" என்று சத்தமாகச் சொன்னது அவள்தான். "எல்லாரும் வீட்டுக்குப் போயி அடுக்குப்பானையில அடிப்பானைய எடுத்துப் பாருங்க. எந்தப் பொம்பளையும் வெதைய முழுசா இங்கன கொண்டாந்து குடுத்திருக்க மாட்டா."

பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏளா, நம்ம வீட்டுலயுமா?" என்றார் சிரித்தவளின் புருஷன்.

"நம்ம வீட்டுல இல்லாமலா?"

அரை மணி நேரத்தில் முடிச்சு முடிச்சாக வந்தது. பழைய சேலைத் துணியில், பால் பவுடர் டப்பாவில், பனையோலைக் கொட்டானில். எல்லாம் சாம்பல் கலந்து, வேப்பிலை போட்டு வைத்த விதை. கடைசியில் என் மனைவி பூஜை அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கலயத்தைக் கொண்டுவந்தாள். பெரியவர் துள்ளிவிட்டார். "ஏலே, கிடங்குக்காரர் பொண்டாட்டியே கிடங்க நம்பலடே!" அன்றைக்கு அந்த வாசலில் முதல் தடவையாக எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

எல்லாவற்றையும் கூட்டி, எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரித்தோம். ஊர் நிலத்தில் பாதிக்குத்தான் வந்தது. மறுநாள் மழை இறங்கியது, பாதியை விதைத்தோம். அந்த வருடம் விற்க ஒரு படி இல்லை. ஆனால் கூழுக்குக் குறைவு வரவில்லை. அம்மன் அவ்வளவு இரக்கம் காட்டினாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் பானையை எடுக்க வந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நேத்துன்னா நேத்து, அண்ணாச்சி" என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

கோயில் தலைவர் பிறகு அவள் வீட்டு வாசலுக்குப் போய், தெரியாமல் பேசிவிட்டோம் என்று சொல்லி, அடுத்த கொடைக்கு முளைப்பாரி வளர்க்கக் கூப்பிட்டார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். கிடங்கில் உள்ள ஒவ்வொரு வீட்டு விதையிலிருந்தும் ஒரு கை முளைப்பாரிக்கு வர வேண்டும், எந்தப் பானை எந்த விதை என்று தெரிய வேண்டும். சாமி முன்னால் முளைக்காத விதையை நிலத்துக்கு அனுப்பக் கூடாது. நீங்கள் இன்றைக்கு எல்லா ஊரிலும் விதை கொடுப்பதற்கு முன்னால் பானை வைத்துப் பார்க்கிறீர்களே, அது அங்கிருந்து வந்தது. விதையை ஒரே அறையில் குவிக்காமல் வீடு வீடாகப் பிரித்து வைக்கிறோமே, அது அந்த அடிப்பானைகளிலிருந்து வந்தது. இரண்டையும் நான் கண்டுபிடித்ததாகப் போன மாதம் சொன்னீர்கள். இல்லை.

உங்கள் கையில் இப்போது ஈரம் பார்க்கிற கருவி இருக்கிறது, மழைக்கு முன்னால் போன் சொல்லிவிடுகிறது. நல்லது, பிள்ளைகளே. ஆனால் என் கைக்கும் ஈரம் தெரிந்தது. மூன்றாம் நாளே தெரிந்தது. அன்றைக்கே சொல்லியிருந்தால் விதை கொடுக்கிற நாளுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் கேட்டு வாங்கி முழு நிலத்தையும் விதைத்திருக்கலாம். அந்தத் தங்கச்சி தன் பானையைத் தானே தூக்கியிருப்பாள். ஏதாவது கெட்டுப்போனால் முதலில் சாக்கைப் பாருங்கள். ஆளைப் பார்க்காதீர்கள். சாமி பெயரைச் சொல்லி யாரையும் அடக்க வேண்டும் என்று தோன்றினால், அந்த இடத்தில் உங்கள் தப்பு ஏதோ ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதப் போகிறேன் என்று போன வாரம் அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"இம்புட்டு நாளு கழிச்சா?"

"ஆமா தங்கச்சி."

"எழுதுங்க. எம் பேரு வேண்டாம். ஆனா துட்டிக்குப் போனத விட்டுறாதிய. நான் போனது தப்பில்லன்னு எழுதுங்க. நாளைக்கும் போவேன்னு எழுதுங்க." பிறகு முறத்தைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். "நீங்க அன்னைக்குக் கை தட்டு வாங்கும்போது உங்க மூஞ்சி இருந்த இருப்பு இருக்கே அண்ணாச்சி! பாவமா இருந்துச்சி. அதான் நானும் சேந்து தட்டுனேன்."

எழுதிவிட்டேன். அவள் துட்டிக்குப் போனது தப்பில்லை.

பிள்ளைகளே, இதை உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் உள்ள பிரியத்தில் எதையும் திருத்த வேண்டாம். மறுநாளே சொன்னார் என்று சொல்லாதீர்கள். மூன்றாம் நாள் தெரிந்தது, பதினெட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தார், ஒருத்தியைப் பழி சுமக்க விட்டுவிட்டு முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டு போனார், கடைசியில் வாயைத் திறந்தபோதும் "நேத்து" என்றார் என்று அப்படியே சொல்லுங்கள். "நேத்துன்னா நேத்து, அண்ணாச்சி" என்று அவள் சொன்ன அந்த மூன்று வார்த்தையையும் மாற்றாமல் சொல்லுங்கள். அம்மன் உங்கள் எல்லோருடைய பானையையும் செழிக்க வைப்பாள்.